தோளில் தட்டாத இரவு

அன்று காலை என் கணவர், பால் சேர்க்காத பிளேன்டித் தேநீர் கிளாஸைக் கையில் பிடித்தபடியே கதிரையில் தூங்கிப்போனார். சுபஹ் தொழுதுவிட்டு வந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. விரல்களுக்குள்ளிருந்து கிளாஸை மெதுவாக எடுத்துவிட்டுத் தோளில் தட்டினேன். கண்ணைத் திறந்து, "குடிச்சிட்டனா?" என்று கேட்டார். அரைவாசி என்றேன். ஆறிப்போன மிச்சத்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கடைகளுக்குக் கொடுக்கும் சாரன் துணிக்கட்டுகள் ஏற்றிய வேனை எடுத்துக்கொண்டு காத்தான்குடியிலிருந்து பொலன்னறுவைக்குப் புறப்பட்டார்.

பத்தரை மணிக்கு, வெலிக்கந்தை தாண்டி, வேன் மரத்தில் மோதியது. நல்ல வெயில், நேரான வீதி, எதிரே வாகனம் இல்லை. பிரேக் பிடித்த தடமே இல்லை என்று பொலிஸார் சொன்னார்கள். அவர் உயிர் பிழைக்கவில்லை. மையித்து வீட்டுக்கு வந்தவர்கள் அல்லாஹ்வின் நாட்டம் என்றார்கள். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தத் தடம் இல்லாதது என் மனதை விட்டுப் போகவில்லை.

என் கணவர் சரீப் குறட்டைக்குப் பேர்போனவர். ஜும்ஆ பிரசங்கத்திலும் தூங்குவார், முடிவெட்டும் கடையிலும் தூங்குவார். உழைக்கிற மனிசனுக்கு நல்ல நித்திரை என்று எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இரவில் நான் சுவர்ப்பக்கம் படுப்பேன், அவர் வெளிப்பக்கம். குறட்டை சட்டென்று நின்று, மூச்சு வராமல் கிடப்பார். தோளில் தட்டுவேன். ஒரு திணறலோடு மூச்சு திரும்பும். இருபத்தாறு வருடம் அப்படித் தட்டியும் அது ஒரு நோய் என்று எனக்குத் தோன்றவில்லை.

கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தாவின் நான்கு மாதம் பத்து நாளும் நான் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. நித்திரை வராத ஓர் இரவில், அடுத்த அறையிலிருந்து மகன் மின்ஹாஜின் குறட்டை கேட்டது. கேட்டுக்கொண்டிருக்கும்போதே நின்றது. பிறகு வாப்பாவின் அதே திணறல். திக்ர் எண்ணும் தஸ்பீஹ் மாலையைக் கையில் எடுத்தேன். மூச்சு நின்ற ஒவ்வொரு தடவைக்கும் ஒரு மணியை நகர்த்தினேன். ஒரு மணித்தியாலம் ஆகுமுன் முப்பத்து மூன்று மணிகளும் முடிந்தன. மறுநாள் முழுக்க ஃபோனில் தேடித் தேடி வாசித்தேன். அந்த நோய்க்குப் பெயர் இருந்தது. பகலில் கண் செருகுவது அதன் அடையாளம். ஓர் இரவு ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து அதைக் கண்டுபிடிக்க ஒரு பரிசோதனையும் இருந்தது.

மின்ஹாஜ் மறுத்துவிட்டான். வாப்பாவின் இடத்தில் இப்போது அவன்தான் வாடகை வேனில் ஓடிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பேசி முடித்த நிக்காஹ்வுக்கு இரண்டு மாதம் இருந்தது. மாப்பிள்ளைக்கு வருத்தம், ஏதோ நோய் என்று ஊர் கதைக்கும் என்றான். எங்கள் ஊரில் கல்யாணம் முடித்த ஆண் பெண்வீட்டுக்குத்தான் குடிபோவான். அங்கே அவன் மூச்சு நிற்பதைக் கேட்க நான் இருக்க மாட்டேன்.

இத்தா முடிந்த அன்று சொந்தக்காரர் வீடு எதற்கும் போகாமல் நேரே பெண்வீட்டுக்குப் போனேன். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். மணப்பெண் ஷஸ்னாவின் உம்மா சபூரா சிரித்தார்.

"குறட்டைக்குக் கல்யாணம் நிக்கிறதெண்டா ராத்தா, இந்த ஊரில ஒருத்தனுக்கும் பொண்டாட்டி கிடைக்காது."

ஷஸ்னா சிரிக்கவில்லை. "தட்டினா மூச்சு வருமெண்டா நான் தட்டுவன்தானே மாமி?"

"நானும் இருபத்தாறு வருஷம் தட்டினன் புள்ள. வேனுக்குள்ள தட்ட ஆளில்லாமப் போச்சு."

அன்றிரவு ஷஸ்னா மின்ஹாஜிடம் ஃபோனில் என்ன சொன்னாளோ தெரியாது. விடிந்ததும் அவன், என்றைக்குப் போகவேண்டும் என்று மட்டும் கேட்டான்.

மட்டக்களப்பு ஆஸ்பத்திரி ஒன்றில் ஆர்த்திகா என்ற பெண் அவன் தலையிலும் நெஞ்சிலும் வயர்களை ஒட்டினாள். ரேடியோ மாதிரி இருக்கிறேன் என்றான் அவன். ஸ்டேஷன் ஏதும் பிடிக்கிறதா என்று அவள் கேட்டாள். பிறகு மூலையில் கதிரை போட்டிருந்த என்னிடம் வந்தாள்.

"எத்தின தரம் நிண்டாலும் எழுப்பிப்போடாதீங்க அம்மா. நீங்க தட்டினா உண்மை தெரியாமப் போயிடும். பக்கத்து அறையில நான் பாத்துக்கொண்டுதான் இருப்பன்."

அவன் தூங்கினான். குறட்டை எழுந்தது, நின்றது. என் கை தானாக நீண்டது. இழுத்து மடியில் வைத்தேன். திரும்பவும் நின்றது. இந்தத் தடவை இன்னும் நீளமாக. இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்தேன். பெற்ற பிள்ளை மூச்சில்லாமல் கிடக்க, எட்டும் தூரத்தில் விடியும்வரை அப்படியே இருந்தேன். ஒரு தடவையும் தட்டவில்லை.

ஒரு மணித்தியாலத்துக்கு நாற்பத்தொரு தடவை என்றார் வைத்தியர். நான் எண்ணியது முப்பத்து மூன்று என்றேன். தஸ்பீஹில் அதற்கு மேல் மணி இல்லை. வைத்தியர் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். இரவில் மூக்கில் கவசம் மாட்டிக் காற்றுத் தரும் மெஷினோடு படுக்க வேண்டும், தான் சொல்லும்வரை வேன் ஓட்டக் கூடாது என்று அவனிடம் சொன்னார்.

நிக்காஹ் குறித்த நாளில் நடந்தது. மெஷினும் மாப்பிள்ளையோடு பெண்வீட்டுக்குப் போனது. மூன்று மாதம் கழித்து வேன் ஓட்ட அனுமதி கிடைத்தது. முந்திய இரவு மணித்தியாலத்துக்கு எத்தனை தடவை மூச்சு நின்றது என்று மெஷின் காட்டிய எண்ணை ஷஸ்னா காலையில் எனக்கு ஃபோனில் அனுப்புவாள். இரண்டு, சில நாள் மூன்று.

இப்போது முழுக் கட்டிலும் எனக்குத்தான். நான் இன்னும் சுவர்ப்பக்கமே படுக்கிறேன்.