கருப்பாக முளைத்த இடம்

மடியில் மல்லாந்து கிடந்த பூனையின் வயிற்றைப் பார்த்ததும் அக்காவின் கை அப்படியே நின்றுவிட்டது. துரைக்கு உடம்பெல்லாம் பாலாடை நிறம். முகம், காது, பாதம், வால் மட்டும் கரி பூசியது போல இருக்கும். சயாமீஸ் ஜாதியே அப்படித்தான். ஆனால் இதன் வயிற்றிலிருந்து விலா வரைக்கும் ஒரு கருப்புத் திட்டு. அதுவும் ஓரமெல்லாம் வெட்டி ஒட்டினது மாதிரி நேர்கோடு.

"இது துரை இல்ல."

தங்கை தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஏன்க்கா, அடையாள அட்டை காட்டினாதான் நம்புவியா?"

"வயித்துல இது என்னடி?"

"வயசாகுதுல்ல. உனக்கு நரைக்குது, அதுக்குக் கருக்குது."

பதில் கொஞ்சம் சீக்கிரமாகவே வந்துவிட்டது. அக்காவுக்கு அதுதான் உறுத்தியது. சின்ன வயதில் அக்காவின் தங்கமீன் செத்தபோது, சத்தமே இல்லாமல் அதே அளவில் இன்னொன்றை வாங்கித் தொட்டியில் விட்டவள் இவள். ஒரு வருடம் அந்த மாற்று மீனுக்குத் தினமும் குட் மார்னிங் சொல்லிக்கொண்டிருந்தாள் அக்கா. மீன் போனால் மீன், பூனை போனால் பூனை. சரி, அடுத்து?

அடுத்து பாப்பா. பஸ் ஓட்டிக்கொண்டிருந்த அக்காவுக்கு ரயில் ஓட்ட இடம் கிடைத்திருந்தது. முதல் கட்டப் பயிற்சிக்கு, துரையை இங்கே விட்டுவிட்டு, மகளைக் கூடவே இழுத்துக்கொண்டு போய்ப் பட்ட பாடு போதும். இந்த முறை ஆறு மாதம். திங்கட்கிழமை மகளை இந்த வீட்டில், இந்தத் தங்கையிடம் விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். நம்பி விட வேறு ஆளும் கிடையாது.

'துரை' என்று கூப்பிட்டுப் பார்த்தாள். பூனை திரும்பவில்லை. துரையும் ஒருநாளும் திரும்பியதில்லை என்பதால் அதை வைத்து ஒரு முடிவுக்கும் வரமுடியவில்லை.

நகம் வெட்டிவிட்டு வருவதாகப் பொய் சொல்லி, கூடையில் போட்டு, வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனாள். அந்தம்மா வாயைத் திறந்து பார்த்தார். "துரையேதான். இந்தக் கடவாப்பல்ல புடுங்கினது நான்தானே? அன்னைக்கு என்னைக் கடிச்சது இன்னும் தழும்பா இருக்கு, பாருங்க."

"அப்போ இந்தக் கருப்பு?"

"இந்த ஜாதிக்கு ரோமம் சூட்டுக்குத் தக்கபடி நிறம் மாறும்மா. உடம்பு கதகதப்பா இருக்கிற எடத்துல வெளுப்பா முளைக்கும். காது, வாலெல்லாம் ஆறிப்போற எடம், அதான் கருப்பு. இங்க யாரோ முடிய வழிச்சிருக்காங்க. மூட ரோமம் இல்லாம தோல் குளுந்துபோய், திரும்ப முளைச்சது கருப்பா முளைச்சிருக்கு. அடுத்தவாட்டி உதிர்ந்து முளைக்கிறப்போ வெளுத்துரும்."

அக்காவுக்கு உயிர் வந்தது. பூனையின் நெற்றியில் ஒரு முத்தமே கொடுத்தாள். கூடையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை வந்தவள் நின்றாள். திரும்பி உள்ளே போனாள்.

"வழிச்சாங்கன்னா... எதுக்கு?"

மருத்துவர் ரோமத்தை விலக்கிக் காட்டினார். நடுவயிற்றில் மெல்லிசாக ஒரு கோடு. "வயித்தைத் திறந்திருக்காங்க. தையல் சுத்தமா போட்டிருக்கு. ஏன்னு அங்க இருந்தவங்களத்தான் கேக்கணும்."

வீட்டுக்கு வந்து கூடையைத் தரையில் வைத்தாள். பாப்பா ஓடிவந்து பூனையை அள்ளிக்கொண்டு போய்ப் பாயில் படுத்துக்கொண்டது.

"எதை முழுங்குச்சு?"

மெஷின் நின்றது. தங்கை தைத்துக்கொண்டிருந்த சட்டைக் காலரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஊசி. நூலோட. அன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினேன்க்கா. பொழைக்குமான்னு அங்க டாக்டருக்கே தெரியல. பதினஞ்சு நாள் ஒரு தையலும் எடுக்கல, மடியிலயே வச்சிருந்தேன்."

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா பயிற்சிய விட்டுட்டு வந்துருப்ப. அப்புறம் பாப்பாவையும் என்கிட்ட விடமாட்ட."

"நாளைக்குப் பாப்பாவுக்கு ஒண்ணுன்னா? அப்பவும் வாயத் தைச்சுக்குவியா?"

"சொல்லுவேன்."

இந்தப் பதிலும் சீக்கிரமாகவே வந்தது. அக்கா அவள் முகத்தையே பார்த்தாள். மடியில் வைத்துக் காப்பாற்றியவளும் மூடி மறைத்தவளும் ஒரே ஆள்தான். எந்த ஆளிடம் விட்டுவிட்டுப் போவது?

தங்கை எழுந்து, ஆணியில் கயிறோடு தொங்கிய ஒரு காந்தத்தை எடுத்தாள். "இப்பல்லாம் தெனம் பெருக்கிட்டு இதையும் ஓட்டிருவேன்," என்று முட்டி போட்டு, மெஷினின் அடியிலிருந்து தரையெல்லாம் இழுத்துக்கொண்டு வந்தாள். பாயில் பூனையின் கருப்புத் திட்டின் மேல் கன்னத்தை வைத்துப் பாப்பா தூங்கிப்போயிருந்தது. காந்தம் பாயை ஒட்டி, பாப்பாவின் கால்மாட்டைச் சுற்றிப் போனது. தலைமாட்டுக்கு வந்தபோது 'டிக்'கென்று சன்னமாக ஒரு சத்தம். கேட்டதா, கேட்கவில்லையா?

தங்கை முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து காந்தத்தைத் துடைத்தாள். எழுந்தபோது அவளுடைய வலது கை மூடியிருந்தது.