கோயில் தெரு

நாலாயிரத்துச் சொச்சம் இழையில் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அமலோற்பவம் இடுப்பை நிமிர்த்திக்கொண்டாள். தறியில் நீளவாட்டில் ஓடும் பழைய பாவில் மிஞ்சிய நுனி ஒவ்வொன்றோடும் புதுப் பாவின் இழையை வைத்து, சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைக்கிற வேலை. நேற்றுக் காலையில் தொடங்கியது. கடைசி இழையை மட்டும் விட்டுவைப்பது அந்த வீட்டு வழக்கம். சாமி கும்பிட்டு, சுமங்கலி ஒருத்தி கையால் பிணைத்த பிறகுதான் தறி ஓடும். அதுவும் இது முதலாளி மகள் பானுப்ரியாவின் முகூர்த்தப் புடவைப் பாவு.

"அமுதா, கடைசி இழையும் நீயே போட்ரு," என்றாள் முதலாளி மனைவி திலகவதி. "பதினோரு வருஷத்துல நீ பெணச்சது ஒண்ணு அறுந்துதா? ராசியான கைடீ உனுது."

அந்த வீட்டில் அவள் அமுதா. முதல் நாள் வாசலில் நிறுத்தி, எந்தத் தெரு என்று திலகவதி கேட்டபோது, "தேவிகாபுரத்தாண்டக்கா, கோயில் தெரு," என்றாள். பொய் இல்லை. காலனியில் மாதா கோயில் இருக்கிற தெரு அது. அவர்கள் அதைக் கோயில் என்றுதான் சொல்வார்கள். திலகவதி மனசில் வேறு கோபுரம் எழும்பியது. அமலோற்பவம் அதை இடிக்கவில்லை. மறுநாளிலிருந்து பஸ் ஏறியதும் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிக்கொண்டாள். வீட்டுத் தம்ளரில் டீ வந்தது.

இப்போது மகள் லிடியாவுக்கும் இடம் கேட்டிருந்தாள், லதா என்று பேர் சொல்லி. "பாவு ஏறட்டும், கடைக்கு என்னிக்கு வரணும்னு சொல்றேன்," என்றிருந்தார் முதலாளி சந்திரமோகன். புடவைக் கடையில் விரித்துக் காட்டுகிற வேலை. அது கிடைக்காவிட்டால், பெரணமல்லூரில் பெண்டாட்டி செத்த ஒரு சூளை மேஸ்திரிக்கு ஈஸ்டர் கழித்துக் கட்டிக்கொடுத்துவிடுவதாக அவள் புருஷன் பவுல்துரை சொல்லிவிட்டான். மேஸ்திரிக்கு நாற்பது வயசு. லிடியாவுக்குப் பதினெட்டு.

திலகவதி கற்பூரம் காட்டினாள். விபூதித் தட்டோடு வந்து, "கண்ண மூடு," என்றாள்.

அன்றைக்குச் சாம்பல் புதன். விடியற்காலைப் பூசையில் சாமியார் இதே நெற்றியில்தான் கட்டைவிரலால் சாம்பல் சிலுவை போட்டார். பஸ்ஸில் முந்தானையால் துடைத்துவிட்டு, அதன்மேல் பொட்டு ஒட்டிக்கொண்டு வந்திருந்தாள். இப்போது கண் மூடியிருக்க, நெற்றியில் கட்டைவிரல் பட்டது. சாம்பல் வாசம் வந்தது.

"ஆமென்," என்றது அவள் வாய்.

கண்ணைத் திறந்தபோது திலகவதியின் கை அந்தரத்தில் நின்றது.

"இன்னா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லலக்கா."

"நான் ஒண்ணும் செவுடி இல்ல. எந்தத் தெருன்ன நீ?"

"கோயில் தெரு."

"எந்தக் கோயிலு?"

மாரியம்மன், திரௌபதை, எதைச் சொல்லியிருந்தாலும் போதும். பதினோரு வருஷமாக இந்த ஒரு கேள்விக்குத்தான் நாலு சாமி பேரைத் தயாராக வைத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை.

"மாதா கோயிலுக்கா."

"அக்கா கொக்கான்ன, பாத்துக்க."

சத்தம் கேட்டு சந்திரமோகன் போனை அணைத்துக்கொண்டு உள்ளே வந்தார். விஷயம் தெரிந்ததும், "கிறிஸ்துவங்கதானே, நம்ம ஆடிட்டரு கூட..." என்று இழுத்தார்.

"ஆடிட்டரு டவுனு. இவ காலனி. கேட்டுப் பாருங்க."

அவர் கேட்கவில்லை. அவள் குனிந்திருந்ததே போதுமாக இருந்தது. நெசவாளி தனகோடியிடம் திரும்பினார். "நீ அந்தப் பஸ்ல தானடா வர்ற. தெரியாதா உனுக்கு?"

தனகோடிக்குத் தெரியும். அவள் பொட்டு ஒட்டுவதை எத்தனையோ நாள் பார்த்திருக்கிறான். ஒரு தடவை, "கோணலா கீது, சரி பண்ணு," என்றுகூடச் சொல்லியிருக்கிறான்.

"எனுக்கு இன்னா தெரியும் மொதலாளி? பொம்பளைங்கள நான் எதுக்குப் பாக்கறேன்?"

"பாவ வெட்டிப் போட்ருங்க," என்றாள் திலகவதி. "எம் பொண்ணு கல்யாணத்துக்குக் கட்ற புடவ."

"வாணாம்மா. அவ பெணச்ச எடம் புடவையில வராது. தறி அச்சுச் சட்டத்தத் தாண்டினதும் அறுத்துத் தூரப் போட்றதுதானே எப்பவும்?" என்றான் தனகோடி.

அது நிஜம். பதினோரு வருஷத்தில் அவள் விரல் பட்ட இடம் ஒன்றுகூட எந்தப் புடவையிலும் போனதில்லை. சந்திரமோகனுக்கும் அது திருப்தியாக இருந்தது. தறிமேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். கடைசி இழையைத் திலகவதியே எடுத்து முறுக்கினாள். மூன்று தடவை வழுக்கியது.

"சாம்பல் தொட்டுக்குங்க," என்றாள் அமலோற்பவம், பழக்கத்தில்.

நாலாவது தடவை திலகவதி சாம்பலைத் தொட்டாள். இழை நின்றது.

"அய்யா, எம் பொண்ணு..."

"நாலு ஜனம் வந்து போற கடம்மா. பேஜார் பண்ணாத, கெளம்பு," என்றார் சந்திரமோகன். திட்டவில்லை. திட்டியிருந்தால் காலில் விழுந்து பார்த்திருப்பாள்.

வாசல் தாண்டும்போது திலகவதி கூப்பிட்டாள். அவள் சட்டென்று திரும்பினாள்.

"இதையும் எடுத்துகினு போ." அவள் டீ குடித்த தம்ளர். கையில் தரவில்லை, படிமேல் வைத்தாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மடியில் தம்ளர். ஊர் நெருங்கினால் பொட்டைப் பிய்த்து முன் சீட்டுக் கம்பியில் ஒட்டுவாள். இன்றைக்குக் கை போகவில்லை. லிடியாவின் போன் வந்தது.

"இன்னாம்மா, எப்ப வரச் சொன்னாங்க? இஸ்திரிலாம் போட்டு வச்சிட்டேன்."

"அப்பா எங்க?"

"வெளிய உக்காந்துகினு கீது. இப்பத்தான் மேஸ்திரிக்குப் போன் போட்டுப் பேசிச்சு. நீ சொல்லும்மா. பக்கத்து வூட்டு பவித்ராவ விட்டு லதா லதான்னு கூப்புடச் சொல்றேன். மொதல்ல அஞ்சாறு தடவ திரும்பவே இல்ல நானு, ஒரே சிரிப்பு. இப்ப டக்குனு திரும்பிப் பாக்கறேன்."

கண்டக்டர் காலனி ஸ்டாப்பிங் என்று கத்தினான். வழியில் நின்றவர்கள் அவள் நெற்றியில் இருந்த விபூதியையும் பொட்டையும் பார்த்துவிட்டு, எழுந்தவளுக்கு வழி விட்டார்கள்.

"பழக வாணாம் கண்ணு," என்றாள். "போன அப்பாகிட்ட குடு."