மனைவி ஒடித்த டைட்டானியக் கம்பி

நான் டைட்டானியத்தில் கடைந்த கம்பியில் பத்து யானைகளைக் கட்டித் தொங்கவிடலாம். பதினொன்றாவது யானை வேடிக்கை பார்க்க வரும். விமானத்துக்கான அப்படியொரு கம்பியை ஒடித்தவள் எங்கள் ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் என் மனைவி. கம்பியோடு என் மூக்கும் உடைந்தது.

"நேத்து இழுத்தப்ப தாங்குச்சே!" என்று குதித்தேன்.

"அது புதுக் கம்பி. இதை விமானத்துல ஆடுற மாதிரி மெஷின்ல லட்சம் தடவை ஆட்டிட்டு இழுத்தேங்க, பாதி பலம்கூட இல்ல. உங்க உளி போட்ட கோட்டுலதான் விரிசல் விட்டிருக்கு. அடுத்ததும் ஒடிஞ்சா வேலை வேற ஆளுக்குப் போயிடும்."

"வீட்டுக்காரன்னு ஒரு இரக்கம் கிடையாதா?"

"விமானத்துல போறவங்களுக்கும் நீங்கதான் வீட்டுக்காரரா?"

விடுவேனா? புது உளி மாட்டினேன். நத்தை என்னை முந்திப் போய்த் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும் வேகத்தில் கடைந்து, கோடே தெரியாமல் மெருகேற்றினேன். அவள் லட்சம் தடவை ஆட்டினாள், பிறகு இழுத்தாள். புதுக் கம்பி தாங்கிய பாரத்தை அதுவும் தாங்கியது.

நான் மீசையை முறுக்குவதற்குள் கையை நீட்டினாள். "ஒண்ணு தாங்கினா போதாதுங்க. இதே மாதிரி இன்னும் கொடுங்க."

"நூறு தர்றேன்டி! கம்பிக்கு முன்னாடி நீதான் களைச்சுப் போவே!" என்று லேத்துக்கு ஓடினேன்.