நன்றியுரைக்கு முன் அணைக்கக் கூடாது

டிசம்பர் சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டு முன்னறையில் மேடை இருக்கும். யாரும் போடுவதில்லை. காலையில் எழுந்து பார்த்தால் நின்றுகொண்டிருக்கும். மழைக்காலத்தில் சில வீடுகளுக்கு எறும்பு வருவதுபோல எங்கள் வீட்டுக்கு மேடை வரும். நான் ஈரத்துணியால் துடைத்துவிட்டு நாற்காலிகளை ஏற்றுவேன்.

இந்தச் சனிக்கிழமை விழா, கிறிஸ்துமஸ் காலத்தில் வீட்டிலும் வெளியிலும் பத்திரமாக இருப்பது பற்றியது. பாளையங்கோட்டையின் பெரிய மனிதர்கள் பலரும் பேச வந்திருந்தார்கள். நான் நன்றியுரை. ஒவ்வொரு வருடமும் நான்தான் நன்றியுரை. வீடு கொடுப்பவருக்கு வேறு எதையும் கொடுப்பதில்லை.

வரவேற்புரையின் நடுவில் சிறப்பு விருந்தினர் தீப்பிடித்தார்.

பெரிய தீ இல்லை. பிச்சிப்பூ மொட்டு அளவுதான். மெழுகுவர்த்தி ஏற்றி விழாவைத் தொடங்கிவைத்துவிட்டு உட்காரும்போது அவருடைய பொன்னாடைக் குஞ்சம் சுடரில் பட்டுவிட்டது. அவர் பெயர் எபனேசர் பொன்னையா. வாசலில் கட்டியிருந்த பேனரில் அவரை ‘விபத்தில்லா வேந்தர்’ என்று போட்டிருந்தார்கள்.

நான் அவருக்குப் பக்கத்து நாற்காலி.

“தம்பி, இடுப்புப் பக்கம் லேசா சுடுது” என்றார்.

“எரியுது சார்.”

“எது?”

“பொன்னாடை.”

“யாரு போட்டது?”

“தலைவர் போட்டது.”

அவர் யோசித்தார். “அப்ப எடுக்க முடியாது” என்றார்.

அது சரிதான். மேடையில் போர்த்தியதை மேடையிலேயே எடுத்தால் போர்த்தியவரை அவமதித்ததாகும். எழுந்து போகவும் முடியாது. தலைவர் எழுவதற்கு முன் விருந்தினர் எழக் கூடாது.

மேடையின் ஓரத்தில் ஒரு சிவப்பு வாளி இருந்தது. அதன் வாயை ஜிகினாத் தாளால் மூடி ரிப்பன் கட்டியிருந்தார்கள். விழாவின் முடிவில் சிறப்பு விருந்தினர் ரிப்பனை வெட்டி, அந்தத் தீயணைப்பு வாளியைத் தெருவுக்கு அர்ப்பணிப்பார். அதில் தண்ணீர் பிடித்து வைத்தது நான்தான்.

குனிந்தபடி தலைவரிடம் போனேன். பாதுகாப்புக் குழுவின் தலைவர் சாலமோன் துரைப்பாண்டி. மேடையில் கண்ணை மூடியிருந்தால் அவர் சிந்திக்கிறார் என்று அர்த்தம்.

“அண்ணாச்சி, விருந்தினர் எரியுதாவ.”

“பாத்துக்கிட்டுதான இருக்கேன்.”

“என்ன செய்ய?”

“அழைப்பிதழ்ல அது எத்தனாவதா இருக்கு?”

“எது அண்ணாச்சி?”

“எரியுறது.”

“அதுல இல்ல.”

“அப்ப நாம பாக்காத மாதிரி இருக்கதுதான் அவருக்கு மரியாதை.”

“வாளியத் தொறந்துருவோமா?”

தலைவர் கண்ணைத் திறந்தார். “நீரு படிச்சவருதான? அதத் தொறக்கது அவருல்லா. நன்றியுரைக்குப் பொறவு தொறப்பாரு. அதுவரைக்கும் அதுக்குள்ள இருக்கது தண்ணி இல்ல வேய்.”

நான் ஜிகினாத் தாளின் ஓரத்தை விலக்கிக் கையை விட்டுப் பார்த்தேன். வாளி காய்ந்திருந்தது. தலைவர் சொன்னால் அப்படித்தான்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். வாழ்த்துரைகள் தொடங்கின.

ஒவ்வொரு வாழ்த்துரைக்கும் எங்கள் முன்னறை ஒரு வரிசை நீண்டது. புதிய வரிசையில் ஆட்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். சமையலறை வாசல் தூரமாகப் போய்க்கொண்டிருந்தது. அங்கே என் மனைவி கிருபை டம்ளர் கழுவுவது, அடுத்த தெருவில் யாரோ கழுவுவதுபோல் கேட்டது.

வாழ்த்துரைகள் பயனுள்ளவை. ஓய்வுபெற்ற பொறியாளர் செல்லப்பா, ஸ்டார் கட்ட யாரும் ஏணியில் ஏற வேண்டாம் என்றார். ஸ்டாரைத் தரையில் வைத்துவிட்டு வீட்டை அதற்குக் கீழே இறக்கினால் ஆபத்தில்லை. லீதியாள் டீச்சர், ஆராதனைக்குப் போகிறவர்கள் வீட்டைப் பூட்டிச் சாவியைத் தங்களுக்கே தெரியாத இடத்தில் வைக்க வேண்டும் என்றார். திருடன் நம்மை மிரட்டிக் கேட்டாலும் நம்மால் சொல்ல முடியாது. பட்டாசுக் கடை ரத்தினசுவாமி, வெடியைக் கொளுத்திவிட்டு நாம் ஓடக் கூடாது, அதனால்தான் விழுந்து அடிபடுகிறோம், வெடியை ஓடச் சொல்ல வேண்டும் என்றார். ஒவ்வொன்றுக்கும் கைதட்டினார்கள். விருந்தினரும் தட்டினார். தட்டும்போது தீ கொஞ்சம் பெரிதானது. பிறகு அளவோடு தட்டினார்.

பேசி முடித்த ஒவ்வொருவரும் அவருக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். பழைய பொன்னாடை எரிந்து முடியும் நேரத்தில் புதியது வந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவருக்கும் தீக்கும் நடுவில் இருந்தது வாழ்த்துரை மட்டும்தான்.

“தம்பி, ஒண்ணு சொல்லட்டா?” என்றார்.

“சொல்லுங்க சார்.”

“எங்க வீட்ல நான் மெழுகுவர்த்தியே ஏத்த விடமாட்டேன். பயம்.”

“பின்ன இங்க ஏன் ஏத்துனீய?”

“கூப்புட்டா வரணும்லா. வராட்டா, கோவத்துல வரலம்பாவ. வந்து பேசாமப் போனா, சரக்கு தீந்துட்டும்பாவ.”

“ஒரு வருசமாவது வீட்ல இருந்துருக்கலாம்லா?”

“இருந்து பாத்தேன். வீட்டுக்குள்ள நொழையும்போது எம்மவா எதுக்க வந்தா. பொன்னாடை போடப் போறாளோன்னு குனிஞ்சு நின்னேன். ‘என்னப்பா, செருப்பக் காணலையா’ன்னு கேட்டா.”

நான் அவருடைய முழங்கையில் இருந்த ஒரு பொறியைத் தட்டிவிட்டேன். மரியாதைக் குறைவு இல்லாமல், ஒரு விரலால்.

“ரொம்பச் சுடுதா?”

“இந்தப் பொன்னாடை பரவால்ல. நயம் சரிகை. ரத்தினசுவாமி போட்டாருல்லா, அதுதான் மோசம். குபுக்குன்னு பிடிச்சுட்டு.”

லீதியாள் டீச்சர் மேடைக்குப் பின்னால் வந்து என் காதில் பேசினார். “பொன்னாடை தீந்துட்டு தம்பி. இதான் கடேசி.”

“துண்டு கிண்டு ஏதாச்சும்?”

“சிறப்பு விருந்தினருக்குத் துண்டா? நல்லாவா இருக்கும்?”

கடைசிப் பொன்னாடை தோளிலிருந்து கீழ்நோக்கி எரிந்தது. அதன் கீழே வெறும் சட்டைதான். வெள்ளைச் சட்டை, கஞ்சி போட்டது. அதன் கீழே அவர்.

“இப்போது நன்றியுரை” என்றார்கள்.

நான் எழுந்தேன். மைக் ஒரு சிறிய நடைபயணத் தூரத்தில் இருந்தது. போய்ச் சேர்ந்ததும் கூட்டத்தைப் பார்த்தேன். நன்றியுரையின்போது நடப்பது நடந்துகொண்டிருந்தது. பாதிப் பேர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் டீயைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் ஊர் நன்றியுரை சுருக்கமானது அல்ல. ஒவ்வொருவரையும் பட்டங்களோடு சொல்ல வேண்டும். ஒரு பட்டம் குறைந்தால் அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நம்மைக் கூப்பிடமாட்டார். எல்லாவற்றையும் சொல்லி முடிப்பதற்குள் சட்டை தாங்காது. நான் வேகமாகப் பேசினேன். வேகத்தில் செல்லப்பாவை விட்டுவிட்டேன்.

செல்லப்பா அப்போதே கும்பிடுவதற்குப் பாதிக் கையைத் தூக்கியிருந்தார். அடுத்த கணம் அவர் அங்கே இல்லை. மறைந்துபோனதாகச் சொல்ல முடியாது. அவர் வரவே இல்லை. நாற்காலி மடக்கியபடியே இருந்தது. அவரால் நீண்டிருந்த வரிசை சுருங்கியது. சமையலறை கொஞ்சம் பக்கத்தில் வந்தது.

யாரும் ஆச்சரியப்படவில்லை. நன்றியுரையில் பெயர் வராதவர் விழாவுக்கு வராதவர். இது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நான் இதுவரை யாரையும் விட்டதில்லை. அதனால் எனக்குத்தான் தெரியாமல் போயிற்று.

கூட்டம் செருப்பை விட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தது. என் அனுபவத்தில் ஒரு நன்றியுரையை மக்கள் மூச்சுவிடாமல் கேட்டது அப்போதுதான்.

“எம்பேரு வருதுல்லா?” என்று ரத்தினசுவாமி கீழேயிருந்து கேட்டார்.

பொறியாளர் போனபின் எனக்குத் துணிச்சல் வந்திருந்தது. “வருது அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போனேன். அவர் இல்லை. ஓடச் சொல்லப்பட்ட வெடிகளும் இல்லை. லீதியாள் டீச்சரைத் தவிர்க்க வருத்தமாக இருந்தது. ஆனாலும் தவிர்த்தேன். அவருடைய சாவி எங்கேயோ கிடைத்த சத்தம் கேட்டது.

தலைவர் எழுந்து நின்றார். “மொறையாச் சொல்லும் வேய். தலைமை யாரு? மொதல்ல தலைமையச் சொல்லும்.”

“சொல்லத்தான் போறேன்.”

“பட்டத்தோட.”

“பட்டத்தோட.”

திரும்பிப் பார்த்தேன். சிறப்பு விருந்தினரின் சட்டைக் காலரில் தீ ஏறியிருந்தது. அவர் நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தார். படம் எடுப்பதற்காக இருக்கும் முகத்தை வைத்திருந்தார். அந்த முகத்துக்குள் வேறொருவர் இருந்து என்னைப் பார்த்தார்.

நான் மைக்கைக் கையால் மூடினேன். “சார், உங்க பேர விட்டுரட்டா?”

அவர் பதறினார். தீக்குப் பதறாதவர். “எம்பேரா? தம்பி, நான் சிறப்பு விருந்தினருல்லா!”

“தெரியும் சார்.”

“வேந்தர்னு ஒரு பட்டம் உண்டு. பேனர்லயே இருக்கு.”

“பேரச் சொன்னா அடுத்து போட்டோ. அதுக்குப் பொறவு கத்தரிக்கோல் வரணும். ரிப்பன வெட்டணும். வாளியப் பத்தி நீங்க ரெண்டு வார்த்தை பேசணும்.”

“ரெண்டு வார்த்தையில முடிச்சிருதேன்.”

“நீங்க முடிச்சதே இல்ல சார்.”

அவர் அதை ஒத்துக்கொண்டார். காதோரத்து முடி சுருங்கி வாசனை வந்தது. சமையலறையில் அடிப்பிடித்துவிட்டதோ என்று ஒருகணம் நினைத்தேன்.

“சொல்லாட்டா நான் எங்க இருப்பேன்?” என்று கேட்டார்.

“வீட்ல.”

“அங்க என்னைய யாருன்னு சொல்லுவாவ?”

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததை மேடையில் சொல்லும் பழக்கம் மற்றவர்களுக்கு உண்டு. எனக்கில்லை.

“சார், சட்டை எரியுது” என்றேன். “எனக்கு அது மட்டுந்தான் தெரியும்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். சரி என்று சொன்னதாக எடுத்துக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்வதற்கும் அவர் அப்படித்தான் மூடியிருப்பார். மைக்கிலிருந்து கையை எடுத்தேன்.

“வந்திருந்த அனைவருக்கும் நன்றி கூறி முடிக்கிறேன்” என்றேன்.

அனைவர் என்பது யாருடைய பெயரும் இல்லை.

தலைவர் ஒரு விரலை உயர்த்தியிருந்தார். விரலோடு சேர்த்து அவரும் வரவே இல்லை. வரிசைகள் ஒவ்வொன்றாகச் சுருங்கி, முன்னறை முன்னறையின் அளவுக்கு வந்தது. பேனரில் எழுத்து இல்லை. சிறப்பு விருந்தினரின் நாற்காலியில் யாரும் இல்லை. கடைசிப் பொன்னாடை மட்டும் அதில் கிடந்து, மரியாதை செய்ய ஆளில்லாமல் எரிந்தது. நாற்காலிக்கும் பிடித்துக்கொண்டது.

கிருபை சமையலறையிலிருந்து நனைந்த சாக்கோடு வந்தாள். நாற்காலியின் மேல் போட்டு மிதித்தாள். அணைந்துவிட்டது. அவள் பெயர் எந்த வருடத்து அழைப்பிதழிலும் கிடையாது. அதனால் எதற்குப் பிறகு எதைச் செய்ய வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

“முடிஞ்சுதா?” என்று கேட்டாள்.

“முடிஞ்சுது.”

“எத்தன டீ?”

“யாரும் வரல.”

“பின்ன எதுக்குங்க இம்புட்டு டம்ளரையும் கழுவச் சொன்னீய?”

அப்போது போன் அடித்தது.

“தம்பி, எபனேசர் பொன்னையா பேசுதேன்” என்றது குரல். கொஞ்சம் கம்மியிருந்தது. “இன்னைக்கு உங்க விழாவுக்கு வரமுடியாமப் போச்சு. தப்பா எடுத்துக்கிடக் கூடாது.”

“இல்ல சார். நீங்க வராதது ரொம்ப நல்லதாப் போச்சு.”

மறுமுனையில் எங்கோ குக்கர் விசிலடித்தது. யாரோ அதை நிறுத்தப் போனார்கள்.

“இப்பிடி எங்கிட்ட யாரும் சொன்னதில்ல தம்பி” என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அடுத்த வருசமும் கூப்புடுங்க. வராம இருந்துருதேன்.”