ரஞ்சித் வாய் திறந்தான்

மாமனிதர்களின் உயிர் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கும் என்று தைலம்மாள் பந்தலுக்கு அறிவித்தபோது, அவள் தம்பி மனைவி ஜெயக்கொடி குழந்தைக்கு ஆய் கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"நைனா காதுல ரஞ்சித்து 'தாத்தா'ன்னான். கேட்டுட்டுத்தான் கண்ண மூடுனாரு. கொழந்த பேசின மொத பேச்சு!"

பந்தல் 'ச்சொ' கொட்டியது.

ஜெயக்கொடி நம்பவில்லை. மாமனார் விநாயகம் இறந்தபோது அறையில் இருந்தது தைலம்மாளும் குழந்தையும் மட்டும்தான். 'அம்மா சொல்லுடா' என்று ஒவ்வொரு வாய் சோற்றுக்கும் கெஞ்சியவள் ஜெயக்கொடி. அவளிடம் மௌனவிரதம் இருந்தவன், மேல்மலையனூரிலிருந்து போன வாரம் வந்த நாத்தனாரிடம் மட்டும் பேசுவானா?

"நீங்க சொல்லிக் குடுத்தீங்களா அண்ணி?"

"சாவு வூட்ல இன்னா கேள்விடி இது?"

இது பதில் இல்லை என்பதை ஜெயக்கொடி மனதில் குறித்துக்கொண்டாள்.

கோட்டை நடைப்பயிற்சிக் கழகச் செயலாளர் இராமச்சந்திரன் மைக்கைப் பிடித்தார். ராஜகிரிக் கோட்டை அடிவாரத்து டீக்கடை வரை நாள் தவறாமல் நடந்த கழக நிறுவனத் தலைவர் விநாயகத்துக்கு, மழலைத் தமிழே இறுதி மரியாதை செய்துவிட்டது என்றார்.

பேரன் நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டும் என்று ஜெயக்கொடியின் கணவன் குரு மகனைத் தூக்கி வந்தான். குளிப்பாட்டிக் கிடத்தியிருந்த உடலைப் பார்த்து ரஞ்சித் தெளிவாகச் சொன்னான்: "தாத்தா."

பந்தல் உடைந்து அழுதது. அழுகைக்கு நடுவே தைலம்மாள் ஜெயக்கொடியை ஒரு பார்வை பார்த்தாள்.

அடுத்து, எரியும் பந்தத்தைப் பார்த்து "தாத்தா" என்றான். பிறகு மேளக்காரரை, தண்ணீர் கேனை, இராமச்சந்திரனின் மைக்கை. பந்தலுக்குள் எட்டிப்பார்த்த தெருநாயையும் விடவில்லை.

"அதுவும் உங்க நைனாவா அண்ணி?" ஜெயக்கொடி காதோடு கேட்டாள்.

தைலம்மாள் மூக்கைச் சிந்தினாள். "வந்ததுலேர்ந்து சொல்லிக் குடுத்தேன். பேரன் கூப்ட்டத ஒரு தடவையாவது கேட்டுட்டுப் போட்டும்னு. இவன் வாயத் தொறக்கறதுக்குள்ள போயிட்டாருடி."

ஜெயக்கொடி தன் முந்தானை நுனியை அவளிடம் நீட்டினாள்.

பாடை தெருமுனையைத் தாண்டியதும் பெண்கள் வீட்டைக் கழுவ ஆரம்பித்தார்கள். ஜெயக்கொடி துடைப்பத்தோடு குனிந்திருந்தாள். ஈரத்தில் தத்தித் தத்தி வந்த ரஞ்சித், அவள் முன்னால் நின்று தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டினான்.

"தாத்தா."

ஜெயக்கொடி சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு, "இன்னாடா?" என்றாள்.