குங்குமம் வைத்த கார்டு

மெமரி கார்டின் முகத்தில் குங்குமம் ஒட்டியிருந்தது. அழகுராஜா கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார், போகவில்லை. லென்ஸ் துடைக்கும் துணியை எடுத்து அழுத்தித் துடைத்தார். ஆயுத பூஜை முடிந்து ஒன்பது நாளாகிறது. கேமரா, லென்ஸ், கார்டு என்று எதையும் விடாமல் மனைவி தமிழ்ச்செல்வி பொட்டு வைத்திருந்தாள். தங்கநிறக் கம்பிகளில் சந்தனம் ஏறினால் கார்டு செத்துப்போகும் என்று அன்றைக்கு ஒரு மணி நேரம் கத்திவிட்டு, ஊசிமுனைப் பஞ்சால் ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்திருந்தார். இது ஒன்று கண்ணுக்குத் தப்பியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கார்டைக் கேமராவுக்குள் தள்ளினார்.

விமான நிலையச் சுவருக்கு வெளியே, வீரணனின் மல்லிகைத் தோட்டத்து வரப்பில் அவர் நின்றிருந்தார். பதினோரு வருடமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் விமானத்தைப் படம் பிடிக்க நிற்கிற இடம். மாநகராட்சியில் வரைவாளர் வேலை, திருநகரில் சொந்த வீடு, மற்றபடி கெட்ட பழக்கம் கிடையாது. ஆகாயத்தில் இரைச்சல் கேட்டால் மட்டும் சோற்றுக் கையோடு மாடிக்கு ஓடுவார். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை, வியாழக்கிழமை. ஒரே மகள் ரோகிணி மேல்படிப்புக்கு ஜெர்மனி போகிறாள். இங்கிருந்து மும்பைக்கு மதியம் இரண்டரை மணிக்கு விமானம். இனி இரண்டு வருடம் கழித்துத்தான் வருவாள்.

"பாப்பா போற பிளேனாண்ணே? அப்ப நீங்க உள்ளல்ல நிக்கணும்?" என்றான் வீரணன், மருந்தடிக்கும் டப்பாவை இறக்கி வைத்துவிட்டு.

"உள்ள நின்னா கண்ணாடிக் கதவுதான் தெரியும் வீரணா. இங்கன நின்னா மேல ஏறி மறையிற வரைக்கும் பாக்கலாம்ல."

காலையில் தமிழ்ச்செல்வியிடமும் இதையேதான் சொன்னார். அவள் பயணப் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். ரோகிணிதான், "அப்பா அங்கயே நிக்கட்டும்மா. நான் சுவர்ப்பக்கம் ஜன்னல் சீட்டுதான் போட்டிருக்கேன்" என்றாள். டாக்ஸியில் ஏறும்போது, "எந்தக் கார்டுப்பா போடுவீங்க?" என்று கேட்டாள். மகள் தன் விஷயத்தைக் கேட்டுவிட்டாள் என்ற சந்தோஷத்தில் அவர் பாடமே எடுத்துவிட்டார். விநாடிக்குப் பத்துப் படம் விழும்போது மெதுவான கார்டு திணறிவிடும், விமானம் நேரே வருகிற நேரம் கேமரா நின்றுபோகும். பெரிய கார்டு ஒன்றை நம்பக் கூடாது, சின்னதாக எட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று போனாலும் மற்றது மிஞ்சும். ரோகிணி சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, "கார்டுப் பெட்டியத் தெறக்கும்போது நல்லாப் பாருங்க" என்றாள். அவர் தலையாட்டினார். காதில்தான் விழுந்தது.

அந்தப் பெட்டிக்கும் ஒரு சட்டம் உண்டு. ஒரு தடவை பிளாட்பாரத்தில் வாங்கிய போலிக் கார்டு ஒரு நாள் படம் முழுவதையும் விழுங்கிய பிறகு அவர் போட்ட சட்டம். வீட்டில் இரண்டு ஹார்டு டிஸ்கிலும் ஏற்றி முடித்த கார்டு நிமிர்ந்து கிடக்கும். ஏற்றாத கார்டு குப்புறக் கிடக்கும். நிமிர்ந்து கிடப்பதை வரப்புக்கு வந்துதான், கேமராவில் போட்டுத்தான் அழிப்பார். அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை, அவ்வளவு நம்பிக்கை. இன்றைக்கும் கேமரா 'கார்டில் இடமில்லை' என்று காட்டியபோது, வழக்கம்தானே என்று இரண்டு பொத்தானை அழுத்தினார். மூன்று விநாடியில் கார்டு காலியானது.

விமானம் ஓடிவந்தது. அவர் விரலை எடுக்கவே இல்லை. மூக்கு தூக்கியதிலிருந்து திருப்பரங்குன்றத்துப் பக்கம் புள்ளியாகித் தேய்ந்தது வரைக்கும் நானூற்றுப் பன்னிரண்டு படம். கார்டு ஒரு இடத்திலும் திணறவில்லை. கையசைக்க வேண்டும் என்பது புள்ளியும் மறைந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

சாயங்காலம் வீட்டில் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தார். இறக்கையில் எழுதியிருந்த எழுத்துகூடத் தெரிந்தது. ஜன்னல்களில் மட்டும் வெயில் பட்டு வரிசையாக வெள்ளைப் புள்ளிகள். எது அவள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"ஏர்போர்ட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி நாலு தடவ திரும்பிப் பாத்துச்சு" என்றாள் தமிழ்ச்செல்வி, பூண்டு உரித்துக்கொண்டே. "நீங்க மனசு மாறி வந்துருவீங்கன்னு நெனச்சிருக்கும் போல."

சனிக்கிழமை காலை ரோகிணி போனில் கூப்பிட்டாள். சாப்பாடு, குளிர், பக்கத்து அறைப் பெண் எல்லாம் பேசி முடித்துவிட்டு, "என்னப்பா, ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குறீங்க? குங்குமம் வச்ச கார்டப் பாக்கலையா?" என்றாள்.

அழகுராஜா மேசைமேல் கிடந்த கார்டைப் பார்த்தார்.

"நீங்க ஆபீஸ் போனப்பெறகு ஒரு வாரமா எடுத்தேன்ப்பா. கேட்டா தொடாதம்பீங்கன்னு கேக்கல. அம்மா, அடுப்படி, நம்ம தெரு, ராத்திரில நீங்க. நான் வச்ச பொட்டுத் தெரியணும்னுதான் நிமித்தி வச்சேன். எங்கிட்ட வேற காப்பி இல்ல. பெருசா பிரிண்ட் போட்டு அனுப்புங்க, இங்க ரூம்ல செவரு மொட்டையாக் கெடக்கு."

"அனுப்புறேன்மா" என்றார்.

அவள் அந்தக் கேமராவைத் தொட்டால் சின்ன வயதிலிருந்தே அவருக்குப் பொறுக்காது. "கைய வைக்காதம்மா" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பார். டிஸ்கில் நாற்பதாயிரம் விமானம் இருந்தது. கூடத்தில் மாட்டியிருந்த ரோகிணியின் படங்கள் எல்லாமே ஸ்டூடியோக்காரர் எடுத்தவை. ஒரு பொத்தானை அழுத்தி அந்தக் கார்டில் என்ன இருக்கிறது என்று பார்த்திருக்கலாம். விமானம் வர இன்னும் கால் மணி நேரம் இருந்தது, அவர் சும்மாதான் நின்றுகொண்டிருந்தார். அதை நினைக்க நினைக்க மனசு ஆறவில்லை.

அழித்த கார்டிலிருந்து படத்தை மீட்கலாம் என்பது அவருக்குத் தெரியும். அழிப்பது என்றால் பட்டியலைக் கிழிப்பதுதான், படங்கள் உள்ளேயே கிடக்கும். மேலே புதிதாக எடுக்காமல் இருந்தால் போதும். தெரியாமல் அழித்துவிட்டால் அதன்பிறகு ஒரு படம்கூட எடுக்காதே என்று மாட்டுத்தாவணியில் ஒரு கல்யாண வீடியோக்காரருக்கு அவரே புத்தி சொல்லியிருக்கிறார். இப்போது மகளுடைய படங்களின் மேலேயே, மகள் போன விமானத்தை நானூற்றுப் பன்னிரண்டு தடவை போட்டு மூடியிருக்கிறார்.

மீட்கும் மென்பொருளை ஓடவிட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை முழுதும் நாற்காலியை விட்டு எழவில்லை. மதியம் ஓர் இரைச்சல் வீட்டின் மேல் போனது. அவர் தலையைத் தூக்கவில்லை. தமிழ்ச்செல்வி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

நாலு மணிக்குப் பதினொரு படம் வந்தது. பத்து அரைகுறை. அடுப்படி மேடையில் பாதியும் தமிழ்ச்செல்வியின் சிரிப்பில் பாதியும் தெரிய, கீழே வெறும் சாம்பல் நிறம். ஒன்று மட்டும் முழுசாக இருந்தது.

அது அவருடைய முதுகு. பனியன், தோளில் துண்டு, கழுத்தை நீட்டித் திரைக்குள் எதையோ தேடுகிற முதுகு. திரையில் சக்கரம் மடங்கும் விமானம். வலது கைப்பக்கம் மேசையில் மூடி வைத்த காபி டம்ளர். அதை யார் வைத்தார்கள், அன்றைக்கு அதைக் குடித்தாரா என்பது எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

போனில் ரோகிணியின் செய்தி வந்து விழுந்தது. "எத பிரிண்ட் போடப் போறீங்கப்பா?"

பழக்கதோஷத்தில் அவர் கண் கோணத்தை அளந்தது. இடுப்பு உயரம், எட்டடித் தூரம், வலது பக்கம் கொஞ்சம் ஒதுங்கி. அப்படியென்றால் நிலைப்படியில், நிலைக்காலில் சாய்ந்து உட்கார்ந்து எடுத்திருக்கிறாள். அழகுராஜா எழுந்து நாற்காலியை வாசல் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். நிலைப்படியில் திரைச்சீலை மின்விசிறிக் காற்றில் விலகி, மறுபடி மூடிக்கொண்டது.