கசிவு பார்க்கும் விரல்

காரின் அடியில் மல்லாந்து கிடந்தபடி மகள் கடைசி நட்டை இறுக்கினாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கூடத்துக் கட்டிலில் அப்பா. இன்றைய பொழுது தாண்டுவதே சந்தேகம் என்று டாக்டர் காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். எட்டு மாதமாக ஓடாமல் கிடந்த அந்தப் பழைய கார் ஓடுகிற சத்தத்தை ஒரு தடவை கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை.

கோளாறு பெட்ரோல் குழாயில். பழைய ரப்பர், எத்தனால் கலந்த இப்போதைய பெட்ரோலில் ஊறிப் பிசுபிசுத்துவிட்டது. முந்தாநாள்தான் மாற்றுக் குழாய்த் துண்டுகளை அவர் போர்வைமேல் பரப்பினாள்.

"செம்பு போடு. கையாலயே வளைக்கலாம்" என்றார் அப்பா, நாற்பது வருஷ மெக்கானிக்.

"அதிர அதிர விரிசல் விடும்ப்பா. இந்த ரப்பருக்கு முன்னாடி செம்புதான் இருந்துச்சு. கசிஞ்சு தீப்பிடிச்சு பானட்டே கருகிடுச்சு."

"அது நட்டைச் சரியா இறுக்காததால."

"இறுக்கினது யாரு?"

அம்மா சிரித்துவிட்டாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மகள் செம்போடு நிக்கல் கலந்த குழாயை எடுத்தாள். அதுவும் கையால் வளையும். சீக்கிரம் விரிசல் விடாது.

இப்போது காரடியிலிருந்து எழுந்துவந்து சாவியைத் திருப்பினாள். இன்ஜின் இரண்டு தடவை இருமியது. மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. நாற்பத்திரண்டு வயதில் குதிக்கலாமா என்று யோசிப்பதற்குள் குதித்திருந்தாள். ஆனால் அந்த வீட்டுச் சட்டம் ஒன்று பாக்கியிருந்தது. இன்ஜின் ஓடும்போது ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவி மோந்து பார்க்க வேண்டும். தடவுவது யாராக இருந்தாலும் மோப்பம் அப்பாவுடையது; மற்றவர் மூக்கை அவர் நம்பியதே இல்லை.

டேங்க் பக்க இணைப்பைத் தடவிய விரலை நீட்டியபடியே உள்ளே ஓடி, அவர் மூக்கருகே வைத்தாள். கண்ணை மூடி இழுத்தார்; சூடான மூச்சு விரலில் பட்டது.

"ஒரு வாசனையும் இல்ல... செம்பா?"

"இல்லப்பா. நிக்கல் கலந்தது."

உதட்டோரம் அசைந்தது. "இன்ஜினியரம்மா... அந்தப் பக்கத்தையும் பாரு."

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் கார்புரேட்டர் பக்கம் தடவிவிட்டு, வாசல்படி தடுக்கியதையும் பொருட்படுத்தாமல் திரும்பி வந்தாள். விரலை நீட்டினாள். காத்திருந்தாள். விரலில் சூடாக எதுவும் படவில்லை.

"என்னடி சொல்றாரு?" சமையலறையிலிருந்து அம்மா.

வெளியே இன்ஜின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"கசிவு இல்லையாம், அம்மா."

விரலை அவள் எடுக்கவில்லை.